மூன்று விசில்

பாங்காக்கில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓர் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் ஒன்றேகால் வருஷம் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. 2024 புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுத்தது. சிவப்பு ரிப்பன் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று ராத்திரியே மதுரைக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "எவ்வளவு பாசமா இருக்காங்க பாரும்மா" என்றேன். அம்மா பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கிட்டதான் குக்கர் இருக்கே, அது அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாமல் என்ன. எங்களிடம் குக்கர் இருக்கும் விஷயம் அந்தக் கட்டிடத்தில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை நான் புரிந்துகொள்ள ஒரு நிலநடுக்கம் வர வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது ஆன் நுட் பக்கம். சுகும்வித் சாலையின் 77-ஆம் சோயிலிருந்து (சோய் என்றால் கிளைத்தெரு) பிரிகிற ஒரு சின்ன சோயில் எட்டு மாடிக் கட்டிடம். ஆறாவது மாடியில் 38 சதுர மீட்டர் வீடு. சமையலறை என்று தனியாக எதுவும் கிடையாது. ஹாலின் ஒரு சுவரோரம் மேடை, அதில் இண்டக்‌ஷன் அடுப்பு, மேலே பெயருக்கு ஒரு புகைபோக்கி. கேஸ் சிலிண்டர் உள்ளே கொண்டுவரக் கூடாது. இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் சமைப்பதே இல்லை. சோய் முனையில் தள்ளுவண்டியில் இல்லாத சாப்பாடு கிடையாது. நாற்பது ஐம்பது பாத்துக்கு வயிறு நிறைந்துவிடும். ஆனால் என் கணவருக்கு மதியம் சோறும் பருப்பும் இல்லாவிட்டால் அந்த நாளே ஓடாது. அவருக்கு சோன்புரியில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி வேன் காலை ஆறு மணிக்கு சோய் முனைக்கு வந்துவிடும், சனிக்கிழமை உட்பட. அதனால் 2022 ஜூலையில் வந்து இறங்கிய மறுநாளிலிருந்து, விடிகாலை ஐந்தே காலுக்கு எங்கள் வீட்டில் குக்கர் ஏறும். மதுரையிலிருந்து சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த ஐந்து லிட்டர் குக்கர். பருப்புக்கு மூன்று விசில். சில நாள் கூடவே உருளைக்கிழங்குக்கு இன்னும் இரண்டு.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பா. தாய்லாந்து மொழியில் அப்பா அம்மாவைவிட மூத்த பெண்களை "பா" என்பார்கள், நாம் பெரியம்மா என்பதுபோல. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் முறை வைத்துக் கூப்பிடுகிற பழக்கம் நம்மைப்போலவே இங்கும் உண்டு. அக்கா அண்ணன் இருவருக்குமே இவர்களிடம் ஒரே சொல்தான். ஆனால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் சாப்பிடுகிற நேரத்தில் படிக்க முடியாது. இங்கே வந்த தமிழர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் சிரித்துத் தீர்த்த விஷயம் அது. அதனால் அலுவலகத்தில் என்னைவிட மூத்தவரை இந்தக் கட்டுரையில் அக்கா என்றே எழுதுகிறேன்.

பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. வடக்கே ஒரு ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில், இவர் தனியாக. லிஃப்டில் பார்த்தால் முதல் கேள்வி "கின் காவ் ரூ யாங்?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். ஊர் விட்டு ஊர் வந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு இந்த நகரத்தைப் பிடித்துப் போனது. மாம்பழம் தருவார், வாழைக்கன்று விற்கிறவனிடம் வாழை இலை வாங்கி வைத்துத் தருவார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கயன், கயன்" என்று மெச்சுவார். சுறுசுறுப்பான பெண் என்று பொருள். "தினமும் எவ்வளவு சீக்கிரம் எழுந்துவிடுகிறாய்! ஞாயிற்றுக்கிழமைகூடவா?" என்று ஒருமுறை கண்ணை விரித்துக் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குத்தான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். இதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

மார்ச் 28

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றேகால் தாண்டி, நான் அசோக்கில் அலுவலகத்தின் பத்தொன்பதாவது மாடியில் இருந்தேன். முதலில் தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஜன்னல் திரைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து மறுபக்கம் போயின. மியான்மரில், மாண்டலே பக்கத்தில் 7.7 அளவு. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாங்காக்கின் களிமண் தரை அதை வாங்கித் தொட்டிலாட்டியது. மாடி நீச்சல்குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதையும், சத்துசாக் பக்கம் கட்டிக்கொண்டிருந்த முப்பது சொச்சம் மாடிக் கட்டிடம் தூசியாக உட்கார்ந்ததையும் நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

மேம்பால ரயில் நின்றுவிட்டது. சுரங்க ரயிலும் நின்றுவிட்டது. அக்காவின் வீடு வடக்கே நோன்தபுரியில். அந்தப் பக்கம் போகிற ரோடெல்லாம் உறைந்து கிடந்தது. "என் வீட்டுக்கு வாங்க" என்றேன். மூன்று தடவை மறுத்தார், நான்காவது தடவை வந்தார். அசோக்கிலிருந்து ஆன் நுட் வரை ஐந்து ஸ்டேஷன். மார்ச் மாதத்து வெயிலில் சுகும்வித் நடைபாதை முழுக்க ஜனம். சிலர் மூளை கலங்கியதுபோல நடந்தார்கள், சிலர் ஆஸ்பத்திரி உடையிலேயே சக்கர நாற்காலியில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகள் ஓர் அங்குலம் நகரவில்லை. அவ்வளவு வண்டியில் ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. மதுரையில் சிக்னலில் பச்சை விழுவதற்கு இரண்டு நொடி முன்பே பின்னாலிருந்து அடிப்பான். இங்கே பூமி குலுங்கிய பிறகும் சத்தமில்லை. "என்ன ஜனங்க!" என்று அன்றைக்கும் நான் வியந்துகொண்டுதான் நடந்தேன்.

கட்டிடத்துக்குள் ஏழு மணிக்குத்தான் விட்டார்கள். லிஃப்ட் இல்லை, படியேறினோம். பா எங்களுக்கு முன்னால் ஏறி முடித்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கள் சமையல் மேடைக்கு மேலே, பாவின் வீட்டுச் சுவரில் ஒரு மயிர்க்கோடு விரிசல். பூச்சில் விழுந்ததுதான் என்று மறுநாள் சொன்னார்கள். கணவர் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சரிபார்க்க வழக்கம்போல ஆறு மணி வேன் என்றார். அக்கா ஹால் சோபாவில் படுத்தார். யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஐந்தே காலுக்கு நான் எழுந்து பருப்பை ஏற்றினேன். இவ்வளவு நடந்தும் கை தானாகச் செய்தது. முதல் விசில் வந்ததும் அக்கா சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் வெளிக்கதவு வரை ஓடிவிட்டார். எச்சரிக்கைச் சங்கு என்று நினைத்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்து, "குக்கர், குக்கர்" என்று காட்டினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டாவது விசில். அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது விசில் வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, விரிசல் விட்ட அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாக, ஆங்கிலத்தில், "இது தினமுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு எந்த அறை?"

பாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டின் அதே அமைப்புதான். எங்கள் சமையல் மேடைக்குப் பின்னால் அவர் படுக்கையறை. இது எனக்குத் தெரியும். இரண்டே முக்கால் வருஷமாகத் தெரியும். ஆனால் பா கட்டிலை ஹாலில்தான் போட்டிருப்பார். கதவு திறந்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். "தனியா இருக்கறவங்க, டிவி பார்த்துக்கிட்டே தூங்குவாங்க போல" என்று கணவரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதை அக்காவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அலமாரி மேல் ரிப்பனோடு இருந்த பெட்டியைக் காட்டி அது என்ன என்றார். சொன்னேன். யார் கொடுத்தது என்றார். சொன்னேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்படியே மேடையில் சாய்ந்து நின்றேன். குக்கர் ஆவி அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சொல்லித் தொலைத்திருக்கலாமே

முதல் இரண்டு நாள் வெட்கம். மூன்றாவது நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை? கதவைத் தட்டி, "அம்மா தாயே, காலங்காத்தால சத்தம் தாங்கல" என்று ஒரு வார்த்தை. நான் வளர்ந்தது செல்லூரில் ஒரு காம்பவுண்டு வீட்டில். ஏழு குடித்தனம், ஒரே அடிபம்பு. யார் வீட்டு மிக்ஸி ராத்திரி பத்து மணிக்கு ஓடினாலும் பத்து ஒன்றுக்கு, "இந்நேரத்துக்கு எந்தக் கல்யாணத்துக்குடி அரைக்கிற?" என்று குரல் வரும். ஒரு மணி நேரம் சண்டை நடக்கும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். மறுநாள் மத்தியானம் அந்த அரைத்த மாவில் சுட்ட பணியாரம் சண்டை போட்ட வீட்டுக்குப் போகும். அது முடிந்துபோன விஷயம். இங்கே பாருங்கள், ஒரு வயசானவர் தூக்கத்தை விட்டு, படுக்கையறையை விட்டு, கைக்காசு போட்டுப் பரிசு வாங்கிக் கொடுத்து, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்திருக்கிறார். என்னை ஏதோ கெட்டவளாக ஆக்கிவிட்டார் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். எனக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பே தரவில்லையே.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவர் சொன்னாரே" என்றார் அக்கா. "எத்தனை தடவை சொல்ல வேண்டும்? சீக்கிரம் எழுகிறாய் என்றார். ஞாயிற்றுக்கிழமையுமா என்றார். அப்புறம் சத்தம் வராத குக்கரையே வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இது சத்தம் போட்டுத் திட்டுவதற்குச் சமம்."

இதற்குத் தாய்லாந்து மொழியில் பேர் க்ரெங்-ஜை. இங்கே வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் முதல் மாதமே யாராவது இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். நானும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினேன். "ஜை" என்றால் மனசு. இவர்கள் பேச்சில் பாதி மனசிலிருந்துதான் கிளம்புகிறது. ஜை யென் என்றால் குளிர்ந்த மனசு, நிதானம். ஜை ரோன் என்றால் சூடான மனசு, அவசரக்காரன். புரிந்துகொள்வதற்கு காவ்-ஜை, அதாவது மனசுக்குள் நுழைதல். நம்-ஜை என்றால் மனசின் தண்ணீர். அடுத்தவருக்கு இரங்குகிற குணம். இதை முதலில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நாம் "நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்று கேட்பதை அப்படியே பெயர்ச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஜோடி கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். க்ரெங்-ஜை என்பதற்கு நேரே "தாட்சண்யம்" என்று எழுதியிருக்கிறேன். அம்மா அடிக்கடி சொல்லும் சொல். தாட்சண்யம் தன நாசம் என்பாள், யாருக்காவது கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க முடியாமல் அப்பா முழிக்கும்போதெல்லாம்.

ஆனால் தாட்சண்யம் சரியான ஜோடி இல்லை என்று இப்போது படுகிறது. நம் தாட்சண்யம் முகத்தைப் பார்த்தால் வருவது. முகதாட்சண்யம் என்றே சொல்கிறோம். ஆள் நகர்ந்துவிட்டால் கோபம் வந்துவிடும், வீட்டில் வந்து கொட்டித் தீர்ப்போம். க்ரெங் என்பதில் அச்சம் இருக்கிறது. என்னால் அடுத்தவர் மனசுக்கு ஒரு சங்கடம் வந்துவிடுமோ என்கிற அச்சம். முகம் எதிரில் இல்லாவிட்டாலும், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும், விடிகாலை ஐந்தே காலுக்கும் அது வேலை செய்கிறது.

இதை வைத்து, தாய்க்காரர்கள் எதையும் நேராகப் பேசாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் லிஃப்டிலேயே "உவான்!" என்பார்கள். குண்டாகிவிட்டாயாம். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை, எல்லாம் கேட்பார்கள். இது எனக்கு ரொம்ப நாள் குழப்பமாகவே இருந்தது. இவ்வளவு பட்டென்று பேசுகிறவர்கள் ஏன் சுண்டு விரலளவு குறையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? யோசித்தால், உவான் என்று சொல்வதில் எனக்கு எந்த வேலையும் வைக்கவில்லை. நான் இளைத்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை, இளைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. "விசில் வேண்டாம்" என்று சொன்னால், எனக்காக நீ மாறு என்று கேட்டதாகிவிடும். அங்கேதான் வாய் அடைக்கிறது.

யாரிடமிருந்து யாருக்கு

அதற்குப் பிறகு ஒரு நோய் பிடித்துக்கொண்டது. இரண்டே முக்கால் வருஷச் சிரிப்பையும் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை சிரிப்புக்குள் எத்தனை குக்கர்? சோய் முனையில் சோம் தாம் என்கிற பப்பாளிக்காய் சாலட் இடிக்கிற பெண்மணியிடம் செவ்வாய் வெள்ளிக்கு நான் சைவம் என்று பாடம் எடுத்திருக்கிறேன். மீன் சாறு கூடாது, காய்ந்த இறால் கூடாது, நண்டு கூடாது. "டாய், டாய்" என்பார், ஆகட்டும் ஆகட்டும் என்று. ஏப்ரலில் ஒருநாள் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு நண்டு போட்டு இடித்த அதே உரலில் ஒரு கரண்டி தண்ணீர்கூட ஊற்றாமல் என் பப்பாளிக்காயைப் போட்டார். அவரிடம் இருப்பதே ஒரு உரல்தான். இரண்டே முக்கால் வருஷமாக என் விரதத்தை நண்டு உரலில்தான் காப்பாற்றியிருக்கிறேன். முடியாது என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்திலும் ஒன்று கிடைத்தது. நான் கணக்குப் பிரிவு. மாதாமாதம் நாணய மாற்று விகிதத்துக்கு நான் போட்டு வைத்த எக்ஸெல் தாளில் ஒரு சூத்திரம் தப்பு. எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண் அதை எட்டு மாதமாகத் தனியாகத் திருத்தித் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து. அவள் லீவில் போன மாதம்தான் வெளியே வந்தது. "ஏம்மா சொல்லல?" என்றால் கை கூப்பிச் சிரிக்கிறாள். அப்போது எனக்குப் பாவின் மேல் இருந்த கோபம் வேறு பக்கம் திரும்பியது. சரி, பாவுக்கு நான் அந்நியள், வயசில் சின்னவள், அவர் விட்டுக்கொடுத்தது பெரிய மனசு. ஆனால் இந்தப் பெண் விட்டுக்கொடுத்தது நான் அவளுக்கு மேலதிகாரி என்பதால். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். எனக்கு அதை ஒன்றாகப் பார்க்க முடியவில்லை.

க்ரெங்-ஜை பெரும்பாலும் கீழிருந்து மேலே போகிற ஒன்று என்பது என் எண்ணம். தப்பாக இருக்கலாம், மூன்று வருஷம் இருந்தவள் என்ன பெரிதாகக் கண்டேன். ஆனால் அந்த மார்ச் 29 காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கட்டிடத்தைப் பெருக்கித் துடைப்பது ஒரு பர்மியப் பெண். காரை உதிர்ந்து கிடந்த எட்டு மாடிப் படிகளையும் அன்று காலை ஏழு மணிக்கு அவள்தான் துடைத்தாள். குடியிருப்போரின் லைன் செயலிக் குழுவில் கட்டிட அலுவலகத்துக்கு நன்றி சொல்லி ஸ்டிக்கராகக் கொட்டினார்கள். கை கூப்பும் கரடி, பூங்கொத்து நீட்டும் முயல். அந்த அலுவலகத்தை இங்கே "நித்தி" என்கிறார்கள், நம் நீதிதான். அந்தப் பெண்ணின் ஊர் மாண்டலே பக்கம் என்று காவலாளிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். படியில் அவளைத் தாண்டித்தான் கீழே இறங்கினேன். ஈரத்தில் கால் வைக்கிறோமே என்று சங்கடப்பட்டேன். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் கேட்டேன். சித்தி வீடு போய்விட்டது, சித்தி இருக்கிறாள் என்றாள். சொல்லிவிட்டு வாளியை ஓரமாக இழுத்து எனக்கு வழி விட்டாள்.

சொங்க்ரான்

பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று நான் குதித்தபோது அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். நான் போய்க் கேட்டால், தான் மறைத்து வைத்த சங்கடம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டே முக்கால் வருஷம் காத்ததை நான் ஒரே நிமிஷத்தில் உடைத்ததாகிவிடும் என்றார். "பிறகு நான் என்ன செய்ய?" "விசிலை நிறுத்து. இரண்டு வாரம் பொறு. சொங்க்ரான் வருகிறது."

விசிலை நிறுத்தினேன். ரிப்பனை அவிழ்த்தேன். ரைஸ் குக்கரில் பருப்பு வேக நாற்பது நிமிஷம் ஆகிறது, ராத்திரியே ஊறப் போட வேண்டும். கணவர் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, "பருப்பு கரையலயே" என்றார். கரையாது என்றேன்.

சொங்க்ரான் தாய்லாந்தின் புத்தாண்டு. சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஏப்ரல் 13, 14, 15. நம் சித்திரை முதல் நாளும் அதற்குள் வந்துவிடுகிறது. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த சொங்க்ரான் தெருவில் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஆடுவது. வீட்டுக்குள் நடக்கிற சொங்க்ரான் வேறு. பெரியவர்கள் உட்கார்ந்து கையைக் கூப்பி நீட்டுவார்கள். சிறியவர்கள் மல்லிகை மிதக்கும் வாசனைத் தண்ணீரை அந்தக் கையில் மெல்ல ஊற்றி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு "கோ கமா" என்பார்கள். க்ஷமிக்கணும் என்று நம் தாத்தாக்கள் சொன்னதன் மிச்சம். என்ன பிழை என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பொதுவாக எல்லாப் பிழைக்கும் ஒரே தண்ணீர். அக்கா எதற்காக இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார் என்று அப்போது புரிந்தது.

14-ஆம் தேதி காலையில், பா கொடுத்த குக்கரிலேயே சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். பச்சரிசி கொஞ்சம் கூடுதலாகக் குழைந்துவிட்டது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பூக்காரம்மாவிடம் வாங்கிய மல்லிகை. கணவர் வேட்டி, நான் பட்டுப்புடவை. பா கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் உள்ளே போய் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் கீழே மண்டியிட்டோம். கையில் தண்ணீரை ஊற்றினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் பாதியில் மறந்துவிட்டது. "கோ கமா" மட்டும் இரண்டு தடவை சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. பா ஈரக் கையை என் தலையில் வைத்தார். நீண்ட ஆயுசு, நல்ல உடம்பு, நிறையப் பணம் என்று வரிசையாக ஆசீர்வாதம். கடைசியில், "நன்றாகத் தூங்கு. எப்போதும் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கக் கூடாது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வழக்கமான அந்தச் சிரிப்புதான்.

பொங்கலை ஒரு வாய் போட்டுவிட்டு அரோய், அரோய் என்றார். ருசியாம். குக்கரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் விசில் இல்லை. விரிசலுக்கு நித்தி ஆள் வந்து மாவு பூசி வெள்ளை அடித்துவிட்டுப் போனான். ஆனால் பாவின் கட்டில் இன்னமும் ஹாலில்தான் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது. விசில் நின்றது அவருக்குத் தெரியவில்லையா? படுக்கையறைக்குத் திரும்ப மனசில்லையா? இல்லை, நான் முதலில் சொன்னதுபோல உண்மையிலேயே டிவி பார்த்துக்கொண்டே தூங்குகிறவர்தானா, ரைஸ் குக்கரும் வெறும் புத்தாண்டுப் பரிசுதானா? அப்படியானால் இத்தனையும் அக்காவும் நானுமாகக் கட்டிய கதை. "கேட்டுட்டாத் தீர்ந்தது, எதுக்கு மண்டைய உடைச்சுக்கிற?" என்கிறார் கணவர். "நீங்களே கேளுங்க" என்றேன். அவரும் கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் மழைக்கு முன்னால் லிஃப்டில் பா நின்றிருந்தார். கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். "கின் காவ் ரூ யாங்?" என்றார். மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வயிறு கூவிக்கொண்டிருந்தது. இல்லை என்றால் ஆறு மாடி தாண்டுவதற்குள் ஒரு சீப்பு என் கையில் இருக்கும், பத்து நிமிஷத்தில் சோறும் வரும். சாப்பிட்டாச்சு என்றேன்.